தோலும் உள்ளும்: பனி நிலவுகளின் முகத்தில் கோடுகள் விழுந்த கதை

மலர்க் குழு அன்பர்கள் இந்த முறையும் கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்திருந்தார்கள். "மாங்காய் வியாபாரத்தில் நாற்பது வருஷம் இருந்தவர், அதைப் பற்றி எழுதுங்களேன்" என்றார்கள். "வியாழனையும் சனியையும் சுற்றும் நிலவுகளைப் பற்றி எழுதித் தருகிறேன்" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். முதலமடையில் மாங்காய் மண்டி வைத்திருந்தவனுக்கு வியாழனோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று நினைத்திருப்பார்கள். கொடுக்கல் வாங்கல் இருக்கத்தான் செய்கிறது. படித்து முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்தவன். இளம் வயதில் பிழைப்புத் தேடி இந்த எல்லைக்கு வந்தேன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. காய் வரத்து ஓய்ந்த மாதங்களில் கையில் கிடைத்ததைப் படித்தேன், அவ்வளவுதான் என் படிப்பு. என் தொழிலுக்கு ஆதாரமான வித்தை ஒன்றே ஒன்று: தோலைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது. அல்போன்சாவா, பங்கனப்பள்ளியா, சிந்தூரமா எதுவானாலும் ஒவ்வொரு காயையும் அறுத்துப் பார்த்து வாங்க முடியாது. நிறம், காம்படியின் பள்ளம், தோளின் மேடு, கை வைத்தால் தெரியும் கனம், இவற்றை வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

பனி நிலவுகளை ஆராய்கிறவர்களின் நிலைமையும் இதுவேதான். அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் ஒரு பனி உருண்டையை யாரும் இன்றுவரை அறுத்துப் பார்த்ததில்லை. பக்கத்தில் பறந்துபோன விண்கலங்கள் எடுத்த படங்களையும் சில அளவீடுகளையும் வைத்துத்தான் உள்ளே கடல் இருக்கிறதா, பாறை இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அந்தப் படங்களிலோ விசித்திரமான கோடுகள், வளைவுகள், சிலந்தி போன்ற வடிவங்கள், புலிக்கு இருப்பது போன்ற பட்டைகள். இவை எப்படி உண்டாயின என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

ஐஸ் கம்பெனியில் கற்ற மூன்று பாடங்கள்

பனி நிலவுக்குப் போகும் முன் ஒரு ஐஸ் கம்பெனிக்குப் போய் வருவோம். தகரப் பெட்டிகளில் நல்ல தண்ணீரை நிரப்பி, குளிரூட்டிய உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்பார்கள். தண்ணீர் பெட்டியின் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும். கடைசியில் உறைவது நடுப்பகுதி. முடிந்த ஐஸ் பாரை எடுத்துப் பாருங்கள். ஓரம் கண்ணாடி போலத் தெளிவாகவும், நடு வெள்ளையாகவும், தலைப்பக்கம் புடைத்தும், சில சமயம் வெடித்தும் இருக்கும்.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். மற்றப் பொருள்களில் பெரும்பாலானவை உறையும்போது சுருங்கும், தண்ணீர் மட்டும் பெருத்துக்கொண்டு எதையாவது உடைக்கும். சுற்றிலும் ஐஸ் மூடிவிட்ட பிறகு நடுவில் சிக்கிய தண்ணீருக்குப் போக இடமில்லை. அதனால்தான் தலை புடைத்து வெடிக்கிறது. இரண்டாவது, உறையும் ஐஸ் உப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. மிச்சமிருக்கும் தண்ணீருக்குள் தள்ளிவிடும். அந்த மிச்சத் தண்ணீர் உப்பு ஏற ஏற உறைவதற்கு அடம்பிடிக்கும். மூன்றாவது பாடம் ஐஸ் கம்பெனியில் தெரியாது, இமயமலைக்குப் போக வேண்டும். அங்கே கங்கோத்ரி பனியாறு மெல்ல மெல்லக் கீழே நகர்கிறது. கல் மாதிரி இருக்கும் பனிக்கட்டியும் உருகுநிலைக்குச் சற்றுக் கீழே இருந்தால், வருஷக் கணக்கில் பார்க்கும்போது, பாகு போல ஓடும். கடுங்குளிரில் இருந்தால் மட்டும் ஓடாது, முறியும்.

பெருப்பது, உப்பை ஒதுக்குவது, சூடுபட்டால் ஓடிக் குளிர்ந்தால் முறிவது. பனி நிலவுகளின் முகத்தில் காணும் விசித்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்று குணங்களே காரணம். கூடத் தேவைப்படுவது சூடு ஒன்றுதான்.

சூடு எங்கிருந்து வருகிறது?

வியாழனின் நிலவான யூரோப்பாவில் நண்பகலிலும் மேற்பரப்பு பூஜ்யத்துக்குக் கீழே 140, 160 டிகிரிக் குளிரில் கிடக்கிறது. சூரியனை நம்பிப் பயனில்லை. ஆனாலும் உள்ளே சூடு உண்டு. பழப்பெட்டிக்குக் கட்டும் கம்பியைக் கையில் எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் பத்துத் தரம் வளைத்துப் பாருங்கள். வளைந்த இடம் சுடும். வியாழன் தன் நிலவுகளை இப்படித்தான் பிசைகிறது.

நம் கடலில் சந்திரன் எழுப்பும் ஏற்றவற்றத்தை ஓதம் என்பார்கள். யூரோப்பா வியாழனை 3.55 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதன் பாதை சரியான வட்டமல்ல, சற்றே நீண்டது. கிட்ட வரும்போது வியாழனின் இழுப்பு கூடுகிறது, தள்ளிப் போகும்போது குறைகிறது. ஆக நிலவு முழுவதுமே நீண்டும் சுருங்கியும் மூச்சு விடுவது போல அசைகிறது. அந்த அசைவில் சூடு பிறக்கிறது.

"அப்படியே சுற்றிச் சுற்றிப் பாதை வட்டமாகிவிடாதா?" என்று ஒரு கெட்டிக்காரப் பையன் என்னிடம் கேட்டான். தனியாக இருந்தால் ஆகிவிடும். ஆனால் யூரோப்பா தனியாக இல்லை. அது இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் உள்ளே இருக்கும் அயோ நான்கு சுற்றும், வெளியே இருக்கும் கேனிமீடு ஒரு சுற்றும் முடிக்கின்றன. குறித்த நேரத்தில் ஊஞ்சலைத் தள்ளிவிடுகிறவரைப் போல ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அதனால் பாதை வட்டமாவதில்லை, பிசைவதும் நிற்பதில்லை. இந்தக் கணக்கைப் போட்டு, அயோவின் உட்புறம் உருகியிருக்க வேண்டும் என்று பீல், காசன், ரெனால்ட்ஸ் ஆகிய மூவர் 1979 மார்ச் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். அடுத்த சில நாட்களிலேயே வாயேஜர் 1 எடுத்த படத்தில் அயோவின் எரிமலை புகைவது தெரிந்தது. முன்கூட்டிச் சொன்ன சொல் ஒரு வாரத்திற்குள் பலித்த அதிசயம் அது.

யூரோப்பா: கோடு விழுந்த முகம்

யூரோப்பா சுமார் 3,120 கி.மீ. குறுக்களவுள்ளது, நம் சந்திரனைவிடச் சற்றுச் சிறியது. கலிலியோ விண்கலம் 1995 டிசம்பர் முதல் 2003 வரை வியாழனைச் சுற்றி ஆராய்ந்தது. அதன் காந்த அளவீடுகள் யூரோப்பாவின் பனிக்கு அடியில் உப்புக் கடல் இருப்பதைக் காட்டின. நம் பூமியின் கடல்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு நீர் அங்கே இருக்கலாம் என்பது மதிப்பீடு.

அதன் முகத்தில் முதலில் கண்ணில் படுவது பிறைபிறையாகத் தொடுத்தது போன்ற கோடுகள், தோரணம் கட்டின மாதிரி. ஹோப்பா என்பவரும் குழுவினரும் 1999இல் இதற்கு ஓர் அழகான விளக்கம் தந்தார்கள். யூரோப்பா ஒரு சுற்று வருவதற்குள் ஓத இழுப்பின் திசையும் வலுவும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இழுப்பு கூடும்போது பனி விரிசல் விடத் தொடங்குகிறது. இழுப்பின் திசை திரும்பத் திரும்ப, விரிசலும் வளைந்தபடி முன்னேறுகிறது. இழுப்பு தளர்ந்ததும் நிற்கிறது. அடுத்த சுற்றில் நின்ற இடத்திலிருந்து புதிய பிறை. ஆக ஒரு பிறை என்பது யூரோப்பாவின் ஒரு நாள், நம் கணக்கில் மூன்றரை நாள் வேலை. பனிக்கு அடியில் கடல் இல்லாமல், ஓடு பாறையோடு ஒட்டிக் கிடந்தால் இவ்வளவு அசைவு வராது. கோட்டின் வளைவே கடலுக்குச் சாட்சி.

அடுத்தது இரட்டை வரப்பு. நடுவில் வாய்க்கால், இருபுறமும் இணையாக வரப்பு, இப்படியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. 2022இல் ஒரு குழு கிரீன்லாந்தின் பனிப்பரப்பில் இதே அமைப்பைச் சிறிய அளவில் கண்டது. அங்கே மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பனிக்குள் தேங்கிய தண்ணீர் மறுபடி உறைந்து பெருத்து, இருபக்கமும் பனியை மேலே தள்ளியிருந்தது. ஐஸ் பாரின் தலை புடைத்த அதே கதை. யூரோப்பாவிலும் இப்படி நடந்திருந்தால், அதன் பனி ஓட்டுக்குள்ளேயே மேற்பரப்புக்கு அருகில் நீர் தேங்கும் இடங்கள் உண்டு என்றாகிறது.

மூன்றாவது, கோனமாரா என்னும் இடத்தில் காணும் அலங்கோலம். பெரிய பெரிய பனிப் பாளங்கள் உடைந்து, இடம் பெயர்ந்து, திரும்பிப் போய், மறுபடி உறைந்து கிடக்கின்றன. உடைந்த ஓட்டைப் பொருத்துவது போலப் படத்தை வெட்டிப் பாளங்களைப் பழைய இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பல பாளங்கள் அழகாகப் பொருந்துகின்றன. ஓட்டுக்குள்ளேயே ஓர் ஏரி உருவாகி, அதன் கூரை நொறுங்கி விழுந்து, பிறகு உறைந்து மேலெழும்பிய இடங்களே இவை என்பது 2011இல் வந்த ஒரு விளக்கம்.

நான்காவதாக ஒரு சிலந்தி. மனனான் என்ற வட்டப் பள்ளத்துக்குள் நடுவிலிருந்து கால்கள் பரப்பினாற்போல ஒரு வடிவத்தைக் கலிலியோ விண்கலம் 1998இல் படம் பிடித்தது. குளிர் நாடுகளில் ஏரி உறைந்த பின் மேலே புதுப்பனி விழுந்தால், ஐஸில் உள்ள துளை வழியே அடித்தண்ணீர் மேலே ஏறி, பனித்தூளை உருக்கிக்கொண்டு கிளை கிளையாகப் பரவும். பார்ப்பதற்கு நட்சத்திரம் போல இருக்கும். விண்கல் மோதிய பிறகு மனனான் பள்ளத்திலும் உப்பு நீர் இப்படிக் கசிந்து கிளைத்திருக்கலாம் என்று 2025இல் ஒரு குழு எழுதியது. அவ்வளவு குளிரில் தண்ணீர் எப்படி உறையாமல் ஊர்ந்தது என்று கேட்டால், நமது இரண்டாம் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு ஏறிய தண்ணீர் உறைவதற்கு அடம்பிடிக்கும்.

பேரேடும் பழைய கணக்கும்

யூரோப்பாவின் முகம் வயதில் மிகவும் இளையது, 4 முதல் 9 கோடி ஆண்டு என்கிறார்கள். இதை எப்படிக் கண்டார்கள்? விண்கற்கள் எல்லா நிலவுகள் மேலும் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. பள்ளங்களை எண்ணினால், எவ்வளவு காலமாக அந்தப் பக்கம் திருத்தப்படாமல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பேரேட்டில் பதிவு அதிகம் இருந்தால் ஏடு பழசு. யூரோப்பாவின் ஏட்டில் பதிவு மிகக் குறைவு. உள்ளிருந்து வரும் பனி பழைய பக்கத்தை அடிக்கடி அழித்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிர் கலிஸ்டோ. வியாழனின் பெரிய நிலவுகளில் வெளிப்புறமாக உள்ளது. முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சுமார் 400 கோடி ஆண்டுப் பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. அயோ, யூரோப்பா, கேனிமீடு மூன்றும் கைகோத்து ஆடும் ஆட்டத்தில் கலிஸ்டோ சேரவில்லை. பிசைவாரில்லை, சூடில்லை. அங்கும் ஒரு விசித்திரம் உண்டு. 80, 100 மீட்டர் உயரமுள்ள கூம்புகள் கூட்டம் கூட்டமாக நிற்பதை 2001இல் படம் எடுத்தார்கள். பெட்டியில் போட்ட அந்துருண்டை உருகாமலே கரைந்து காணாமல் போகிறதல்லவா? பனிக்கட்டியும் காற்றில்லாத இடத்தில் அப்படியே ஆவியாகும். பனி போனபின் தங்கும் கருந்தூசி சரிந்து அடிவாரத்தில் சேர்கிறது. கூம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வருகிறது.

இரண்டுக்கும் நடுவில் கேனிமீடு. 5,268 கி.மீ. குறுக்களவு, புதன் கோளைவிடப் பெரியது. முகத்தில் மூன்றில் ஒரு பங்கு பழைய கருநிலம். மீதி இரண்டு பங்கு, உழுத வயல் போலச் சால் சாலாக வரிகள் ஓடும் வெளிறிய நிலம். ஒரு காலத்தில் உள்ளே சூடு கூடியபோது ஓடு இழுபட்டு, முறிந்து, துண்டு துண்டாகச் சாய்ந்ததால் வந்த சால்கள் அவை.

கேனிமீடு பற்றி நம்மவர் பங்கு ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறதே, அது அப்போது எங்கள் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1972 ஜூன் 7 அன்று கேனிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. அதைக் காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் அளந்தார்கள். விண்மீனின் ஒளி குறைந்த விதத்தை வைத்து, கேனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்று 1973இல் எழுதினார்கள். 1979இல் வாயேஜர் அளந்தபோது அவ்வளவு காற்று அங்கே இல்லை என்று ஆயிற்று. பிறகு ஹப்பிள் தொலைநோக்கி, அதைவிட மிக மிக மெல்லிய ஆக்சிஜன் படலம் இருப்பதைக் கண்டது. காவலூர்க்காரர்கள் பார்த்த பார்வையில் குறை இல்லை. தூரத்திலிருந்து தோலைத் தடவிப் பார்ப்பதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. நான் அப்போது ஆரம்பப் பள்ளியை முடித்த பையன். எங்கள் மாவட்டத்து மலைமேல் இப்படி ஒரு இரவு கழிந்தது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

என்சலடஸ்: நான்கு பட்டைகள்

சனியைச் சுற்றும் என்சலடஸ் 504 கி.மீ. குறுக்களவுதான். இங்கிருந்து சென்னைக்குப் போகும் தூரத்துக்குக் கொஞ்சம் குறையக் கூட இருக்கும். இத்துணைச் சிறிய உருண்டையின் தென் துருவத்தில் நான்கு பெரிய வெடிப்புகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 130 கி.மீ. நீளம், ஒன்றுக்கொன்று 35 கி.மீ. இடைவெளி. புலிப் பட்டை என்றே அழைக்கிறார்கள். அந்த வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்தூளும் பீறிட்டு அடிப்பதைக் காசினி விண்கலம் 2005இல் கண்டுபிடித்தது.

ஏன் நான்கும் இணையாக, அளந்து கோடு போட்டாற்போல நிற்கின்றன? 2019 கடைசியில் வந்த ஒரு விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. நிலவு குளிர்ந்து வரும் காலத்தில், கடலின் மேல்நீர் உறைந்து ஓடு தடிக்கிறது. உறைந்த நீர் பெருப்பதால் மிச்சக் கடல் நெருக்குண்டு ஓட்டை வெளியே தள்ளுகிறது. ஓடு மிக மெலிந்த இடம் துருவம். அங்கே முதல் வெடிப்பு விழுந்து, நீர் பீறிடுகிறது. பீறிட்டதில் பெரும்பகுதி மறுபடி வெடிப்பின் இருகரையிலும் பனியாக விழுந்து குவிகிறது. அந்தப் பாரத்தில் ஓடு வளைகிறது. பலகையின் ஓரத்தில் மூட்டை அடுக்கினால், ஓரத்தில் அல்லாமல் சற்றுத் தள்ளித்தானே முறியும்? அதேபோல 35 கி.மீ. தள்ளி அடுத்த வெடிப்பு. அதன் கரையிலும் பாரம் ஏற, இன்னொன்று.

இது யூரோப்பாவில் ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை? என்சலடஸில் ஈர்ப்பு நம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கு அளவே. மேலே கிடக்கும் பனியின் கனம் விரிசலை அழுத்தி மூடாது, விரிசல் கடல்வரை இறங்கிவிடும். பெரிய நிலவில் தன் எடையே விரிசலை இறுக்கிப் பிடித்துவிடும்.

கிர்ணிப்பழமும் கூழும்

பழ வியாபாரிக்குச் சந்தோஷம் தரும் ஒரு செய்தி. நெப்டியூனின் டிரைட்டனை 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 கடந்தபோது, அதன் ஒரு பகுதி முழுக்கக் குழியும் மேடும் வலைபோல ஓடியிருந்தது. பார்த்தவர்கள் கிர்ணிப்பழத் தோல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். யுரேனஸின் மிராண்டாவிலோ, 472 கி.மீ. உருண்டையில், ஓட்டப் பந்தயத் திடல் போல வளைந்த வரிகள் சூழ்ந்த மூன்று பெரிய மண்டலங்கள்.

இவற்றுக்குச் சொல்லப்படும் காரணம் நமது மூன்றாம் பாடம். அடியில் சூடேறிய பனி இலகுவாகி மெல்ல மேலே ஏறும், மேலே உள்ள குளிர்ந்த பனி கீழே இறங்கும். அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதிக்கையில் அங்கங்கே குமிழ்ந்து வருவது போல. வித்தியாசம், கூழில் ஒரு நிமிஷத்தில் நடப்பது அங்கே ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளில் நடக்கும்.

அடியில் சூடேற்றிய அடுக்கு எப்போது இப்படிப் புரளத் தொடங்கும் என்ற கணக்கை விரிவாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1983இல் நோபல் பரிசு பெற்றவர். பாய்மங்களின் நிலைப்புத்தன்மை பற்றி 1961இல் அவர் வெளியிட்ட பெரிய நூலில் இது முதன்மையான பொருள். அதன் சாரத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மேல் கீழ் வெப்ப வேறுபாடு அப்படியே இருக்க, அடுக்கின் தடிமன் இருமடங்கானால், புரளத் தூண்டும் வலு எட்டு மடங்காகும். மெலிந்த ஓடு புரளாது, தடித்த ஓடே புரளும். ஆக மேலே குமிழ்ந்த மேடுகளைக் கண்டால், ஓடு எவ்வளவு தடித்தது என்று உள்ளே போகாமலே ஊகிக்கலாம்.

மைமஸ்: தோல் சொல்லாத செய்தி

இதுவரை தோலை நம்பி வந்தோம். இனி என் சொந்தக் கதை ஒன்று.

எங்கள் மண்டியில் காய் தரம் பிரித்த பெரியவர் ஒருவர் இருந்தார். இருபது வருஷம் என்னோடு இருந்தவர். ஒரு தை மாதம், பருவத்தின் முதல் அல்போன்சா லோடு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வெயிலும் சேர்ந்து நம்ம ஊர்க் காயை நாட்டில் மற்ற இடங்களுக்கு முன்னாலேயே விளைய வைத்துவிடும், அந்த முதல் லோடில்தான் காசு. அவர் காயை உருட்டிப் பார்த்து, "மொதலாளி, தோல்ல ஒரு பொட்டு இல்லீங்க, கண்ண மூடிட்டு அனுப்பலாமுங்க" என்றார். வடக்கே அனுப்பினேன். பழுத்தபின் அறுத்தால், உள்ளே சதை வெளிறிப் பஞ்சு போல. லோடு முழுக்க வீண். அந்த வருஷம் நான் எழுந்திருக்கவே முடியவில்லை. "கண் இருந்தும் குருடனா நீ?" என்று பத்துப் பேர் முன்னால் அவரைக் கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாளிலிருந்து வரவில்லை.

அல்போன்சாவுக்கே உரிய அந்தக் கோளாறு வெளித்தோலில் தெரியாது என்பது தோட்டக்கலை படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் அரைகுறையாகத் தெரியும். நஷ்டத்தின் கோபத்தில் தெரிந்ததை மறந்தேன்.

2024 பிப்ரவரியில் சனியின் மைமஸ் பற்றிய செய்தியைப் படித்தேன். 396 கி.மீ. உருண்டை. முகம் முழுக்கப் பள்ளம், அதில் ஹெர்ஷல் என்ற ஒரு பள்ளம் மட்டும் சுமார் 130 கி.மீ. அகலம். விரிசல் இல்லை, வரப்பு இல்லை, பட்டை இல்லை. பார்த்த எல்லாரும் செத்துப்போன பனிக்கட்டி என்றுதான் எழுதிவைத்தார்கள். ஆனால் காசினி எடுத்த படங்களில் அதன் தள்ளாட்டத்தையும், அதன் பாதை திரும்பும் வேகத்தையும் நுணுக்கமாக அளந்தவர்கள், உள்ளே கடல் இல்லாமல் அந்தக் கணக்கு நேராகாது என்று கண்டார்கள். 20 முதல் 30 கி.மீ. ஆழத்தில் கடல். வயது இரண்டரைக் கோடி ஆண்டுக்குள். கடல் அவ்வளவு இளையது என்பதால், அதன் அடையாளம் இன்னும் தோல்வரை வந்து சேரவில்லை. பச்சை முட்டையையும் அவித்த முட்டையையும் ஓட்டைப் பார்த்துப் பிரிக்க முடியாது, சுழற்றிப் பார்த்தால் தெரியும் என்பார்களே, அந்த மாதிரி.

அன்று சாயங்காலமே மீன்கரை அணைப் பக்கம் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். கண் பார்வை மங்கிவிட்டது அவருக்கு. குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். "அன்னைக்குத் தோல்ல தெரியலீங்க, அது உங்க தப்பில்ல" என்றேன். "அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? மழை வர்ற மாதிரி இருக்கு, உக்காருங்க" என்றார். சனியின் நிலவைப் பற்றி நான் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

தொடாமல் பார்ப்பது

இப்போது இரண்டு விண்கலங்கள் வழியில் உள்ளன. ஐரோப்பியர்களின் ஜூஸ் 2023 ஏப்ரலில் கிளம்பியது, 2031இல் வியாழனை அடைந்து கேனிமீடை நெருங்கி ஆராய வேண்டும். அமெரிக்கர்களின் யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பியது, 2030 ஏப்ரலில் போய்ச் சேரவேண்டும். யூரோப்பாவை ஏறக்குறைய ஐம்பது தடவை கடந்து பறந்து, ரேடார் அலையைப் பனிக்குள் செலுத்தி ஓட்டின் தடிமனைக் கேட்கும். இரட்டை வரப்புக்கு அடியில் உண்மையாகவே நீர் தேங்கி நிற்கிறதா என்பதற்கு அப்போது நேரடிப் பதில் கிடைக்கலாம். மைமஸ் கற்றுத் தந்த பாடம் இதுதான்: தோலைப் படி, ஆனால் அது பேசாத இடத்தில் வேறு அளவுகோலை எடு.

முடிப்பதற்கு முன் ஒரு செய்தி. கலிலியோ விண்கலத்தில் எரிபொருள் தீரும் நிலை வந்ததும், 2003 செப்டம்பர் 21 அன்று அதை வியாழனுக்குள் விழுத்தி அழித்தார்கள். அப்படியே விட்டிருந்தால் என்றாவது ஒருநாள் யூரோப்பாவில் மோதி, பூமியிலிருந்து ஒட்டிப்போன நுண்ணுயிர் ஏதேனும் அந்தக் கடலில் கலந்துவிடக்கூடும் என்ற அச்சம். காசினிக்கும் 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள் அதே முடிவு. அங்கே உயிர் இருக்கிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. இருந்தால் தீங்கு வரக்கூடாது என்ற எண்ணமே போதுமானதாக இருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு என் பாட்டி ஞாபகம். எங்கள் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர் உண்டு என்பது எங்கள் சமயம் சொல்வது. பாட்டி வடிகட்டியதோடு நிறுத்த மாட்டார். துணியில் தங்கியதை எந்தக் கிணற்றில் மொண்டாரோ அதே கிணற்றில் அலசி விடுவார். "கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமாடா?" என்பார். சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

வியாழன் தெரியும் மாதங்களில் ஒருநாள் இரவு, தெருவிளக்கு இல்லாத தோட்டப் பக்கம் வாருங்கள். நல்ல பைனாகுலர் ஒன்றைச் சுவரில் ஊன்றிப் பிடித்தால், வியாழன் பக்கத்தில் ஒரே வரிசையில் குண்டூசித் தலைகள் போல நிலவுகள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தது இதைத்தான். அதில் எது யூரோப்பா என்று அன்றன்றைக்குப் பார்த்துச் சொல்கிறேன். பைனாகுலர் என்னிடம் இருக்கிறது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.